மகன் நேவியில் விசாரணையில் மாட்டிக்கொண்டால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருஷத்துக்கு மேல் இந்தியக் கடற்படையில் செய்லராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில வருஷங்கள் ஜூனியர் பையன்களின் விவகாரங்களைப் பார்த்துக்கொள்கிற சீஃபாக (மூத்த செய்லராக) இருந்தேன். ஊருக்கு வந்த பிறகும் போன் நிற்கவில்லை. யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருடைய அக்கா. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எழுதி வைக்கிறேன். மகன் என்று எழுதினாலும் மகளுக்கும் இதேதான். 2022 முதல் பெண்களும் செய்லர்களாகச் சேர்கிறார்கள்.

"ஒரு பிரச்சினையில் மாட்டிக்கிட்டேன்" என்று போன் செய்தான். முதலில் என்ன செய்வது?

முதலில் கேளுங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பையன்கள் வீட்டுக்குச் சொல்வதே கடைசியில்தான். அந்தப் போனில் நீங்கள் கத்தினால் அடுத்த போன் வராது. அப்புறம் அவனுக்கு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் வேறு யார் மூலமாவதுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டியது மூன்று விஷயம். என்ன குற்றச்சாட்டு, அதை எழுத்தில் கொடுத்தார்களா? அடுத்து யார் முன்னால், எந்தத் தேதியில் நிற்க வேண்டும்? டிவிஷனல் ஆபீசரிடம் பேசினானா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், "போனை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போய்ப் பேசு" என்று சொல்லுங்கள்.

தேதியையும் அவன் சொன்னதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் சரியாக ஞாபகம் இருக்காது.

டிவிஷனல் ஆபீசர் என்றால் யார்? அவரும் அவர்கள் ஆள்தானே?

கப்பலிலோ கரை முகாமிலோ ஒவ்வொரு செய்லரும் ஒரு டிவிஷனில் இருப்பான். அந்தப் பத்து முப்பது பேருடைய வேலை, லீவ், குடும்பக் கஷ்டம், ப்ரமோஷன் எல்லாவற்றையும் பார்க்கிற அதிகாரிதான் டி.ஓ. அவருக்குக் கீழே ஒரு சீஃப் இருப்பார். விசாரணையில் பையன் நிற்கும்போது பக்கத்தில் நின்று, "இவன் எப்படிப்பட்டவன், வீட்டு நிலைமை என்ன, இதற்கு முன் ஏதாவது தப்பு உண்டா" என்று சொல்ல வேண்டியது அவருடைய வேலை. அவர் அவர்கள் ஆள்தான், ஆனால் உங்கள் பையனுக்காகப் பேச வேண்டிய ஆளும் அவரே. அவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தால் என்ன பேசுவார்? அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, லீவ் தாண்டியதற்குத் தண்டனை வாங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியும். கேட்டால், "வீட்டு விஷயத்தை எதுக்கு சார் சொல்லணும்" என்றான்.

விசாரணை எப்படி நடக்கும்?

சாதாரண விஷயங்களில் பெரும்பாலும் இப்படித்தான். ஒழுங்கு விவகாரங்களைப் பார்க்கிற ரெகுலேட்டிங் ஆபீஸ் குற்றச்சாட்டை எழுதும். முதலில் டூட்டியில் இருக்கிற அதிகாரி, அப்புறம் கப்பலில் இரண்டாம் இடத்தில் இருக்கிற எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர், அவரும் மேலே அனுப்பினால் கப்பலின் தலைமை அதிகாரியான கமாண்டிங் ஆபீசர். டிஃபால்டர் (குற்றம் சாட்டப்பட்டவன்) என்று பெயர் கூப்பிட்டு, தொப்பியைக் கழற்றச் சொல்லி, குற்றச்சாட்டை வாசிப்பார்கள். சாட்சி பேசும், பையனையும் பேசச் சொல்வார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை மாதிரி இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் எழுதி வாங்கிய வாக்குமூலங்கள்தான் பாதி முடிவு.

இதற்குப் பெயர் சம்மரி ட்ரையல். 1957-ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம் கமாண்டிங் ஆபீசருக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மரண தண்டனைக்கு உரிய குற்றங்கள் இதில் வராது.

உங்கள் பிள்ளை செய்லர் அல்ல, ஆபீசர் என்றால் பாதையே வேறு. பெரிய குற்றச்சாட்டு என்றால் அவர்களுக்குக் கோர்ட் மார்ஷல், அதாவது படை நீதிமன்றம்தான்.

என்ன தண்டனை கிடைக்கும்?

எச்சரிக்கை, லீவ் நிறுத்தம், கூடுதல் வேலையும் டிரில்லும், சம்பளப் பிடித்தம், நன்னடத்தைப் பட்டையைப் பறிப்பது, ரேங்க் குறைப்பு, டிட்டென்ஷன் எனப்படும் காவல், டிஸ்மிஸ். கமாண்டிங் ஆபீசர் சம்மரி ட்ரையலில் காவலோ சிறையோ கொடுத்தால் மூன்று மாதத்துக்கு மேல் போக முடியாது. கனமான தண்டனைகள் என்றால் தண்டனை வாரண்ட் எழுதி மேலிடத்து ஒப்புதல் வாங்கிய பிறகே அமலாகும்.

முதல் தப்பு, சின்னத் தப்பு என்றால் பெரும்பாலும் லீவ் நிறுத்தம், சம்பளப் பிடித்தம் அளவோடு முடியும். இதைக் கேட்டதும், "கல்யாணத்துக்கு வர முடியாதா?" என்று ஒரு அம்மா அழுதார். முடியாதுதான். ஆனால் வேலை இருக்கிறது, பையன் இருக்கிறான்.

லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சட்டத்தில் இரண்டு குற்றங்கள் உண்டு. லீவ் தாண்டி இருப்பது ஒன்று. திரும்பிப் போகக் கூடாது என்ற எண்ணத்தோடு விலகி இருப்பது, அதாவது டெசர்ஷன், இன்னொன்று. இரண்டாவது மிகப் பெரிய குற்றம். எண்ணம் என்ன என்பதை யாரும் மனதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. எத்தனை நாள் ஆயிற்று, யூனிஃபார்மும் ஐ.டி. கார்டும் எங்கே, வேறு வேலைக்குப் போனானா, தானாக வந்தானா, போலீஸ் பிடித்து வந்ததா என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் அவனுக்கு எதிராகச் சேர்ந்துகொண்டே போகிறது. சம்பளம் நிற்கும். கொஞ்ச நாளில் உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் வரும். டெசர்ட்டரைப் போலீஸ் கைது செய்யலாம்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. படையை விட்டு ஓடியவன் என்று தெரிந்தே அடைக்கலம் கொடுப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 164-ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை. கணவன் அல்லது மனைவி அடைக்கலம் கொடுத்தால் விலக்கு உண்டு. அப்பா அம்மாவுக்கு அந்த விலக்கு இல்லை. ஓடிப்போகத் தூண்டுவது 163-ஆம் பிரிவு. "அந்த நாய்ப் பொழப்பு வேண்டாம், வந்துடுப்பா" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற அப்பாக்களுக்காகச் சொல்கிறேன்.

நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் உள்ள மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையிலும் வெலிங்டனிலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, சீட்டை வாங்கி, அன்றைக்கே கப்பலுக்குத் தகவல் சொல்லுங்கள். தனியார் கிளினிக்கில் ஒரு வாரம் கழித்து வாங்கிய சர்ட்டிஃபிகேட்டை யாரும் நம்புவதில்லை. எனக்கே நம்பிக்கை வராது.

நாள் தாண்டிவிட்டது, கப்பலுக்குப் போகப் பயம் என்றால் பக்கத்துக் கடற்படை முகாமில் போய் நிற்கச் சொல்லுங்கள். சென்னையில் ஐ.என்.எஸ். அடையார், அரக்கோணத்தில் ராஜாளி, உச்சிப்புளியில் பருந்து, நெல்லை மாவட்டத்தில் கட்டபொம்மன். தானாக வந்தான் என்ற ஒரு வரி அவன் ஃபைலில் ஏறும். கூடவே நீங்களும் கேட் வரை போங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அல்ல, சும்மா கூட.

நாங்கள் கப்பலுக்குப் போன் செய்யலாமா? நேரில் போய்ப் பார்க்கலாமா?

குடும்பச் சூழ்நிலையை விளக்கி ஒரு கடிதம் எழுதலாம், அது நல்லது. கமாண்டிங் ஆபீசர் பெயருக்கு, ஒரு பக்கத்துக்குள், மருத்துவச் சீட்டு மாதிரி ஆதாரம் ஏதாவது இருந்தால் நகலோடு. "என் மகன் அப்பாவி, அவனைத் திட்டமிட்டு மாட்டிவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அனுப்பும் முன் பையனிடம் வாசித்துக் காட்டுங்கள், அவன் அங்கே சொன்னதும் நீங்கள் எழுதுவதும் முரண்படக் கூடாது.

நேரில் போவதென்றால் விசாகப்பட்டினமோ மும்பையோ கொச்சியோ, ரயில் ஏறும் முன் டி.ஓ. மூலம் அனுமதி கேட்டுவிடுங்கள். கப்பல் கடலுக்குப் போயிருந்தால் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எம்.எல்.ஏ., எம்.பி. சிபாரிசு உதவுமா?

உதவாது. வெளியார் செல்வாக்கைப் பயன்படுத்துவதே படையில் விதிமீறல். பழைய குற்றச்சாட்டோடு இதுவும் சேரும். தாலுகா ஆபீஸ் பழக்கம் இங்கே செல்லாது.

ஊரில் ஒரு எக்ஸ்-ஆர்மி மாமா, "தண்டனையை மேலே உறுதி செய்தால்தான் செல்லும், கவலைப்படாதே" என்கிறார். சரிதானா?

மாமா சொல்வது, சம்மரி கோர்ட் மார்ஷல் தவிர்த்த ராணுவக் கோர்ட் மார்ஷல்களுக்குச் சரி. நேவியில் மரண தண்டனை தவிர மற்ற கோர்ட் மார்ஷல் தண்டனைகள் அந்த மாதிரி உறுதிப்படுத்தலுக்குக் காத்திருப்பதில்லை. பிறகு கடற்படையின் தலைமைச் சட்ட அதிகாரியான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பரிசீலிப்பார், மனுவும் போடலாம். ஆனால் தீர்ப்பு சொன்ன அன்றே அமலுக்கு வரும். ராணுவம், விமானப்படை, நேவி மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம். மாமாவுக்கு மரியாதை கொடுங்கள், சட்டத்தை வேறு இடத்தில் கேளுங்கள்.

வக்கீல் வைக்கலாமா? வழக்கு நடக்கும்போது நாங்கள் உட்கார்ந்து பார்க்கலாமா?

சம்மரி ட்ரையலுக்குள் வக்கீல் வர முடியாது; அங்கே டி.ஓ.தான். கோர்ட் மார்ஷல் என்றால் வெளி வக்கீல் வைக்கலாம், இல்லையென்றால் ஓர் அதிகாரி பையனுக்காக வாதாடுவார். ஐந்து முதல் ஒன்பது அதிகாரிகள் கொண்ட மன்றம், சட்டம் சொல்ல ஒரு ஜட்ஜ் அட்வகேட். மன்றத்தில் உள்ள ஒருவர் மேல் நியாயமான ஆட்சேபம் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லலாம். விசாரணை பொதுவாகத் திறந்த மன்றம். ரகசிய விஷயம் என்று மூடினால் ஒழிய உட்கார்ந்து பார்க்கலாம்.

ஊர் கோர்ட்டில் நிலத் தகராறு பார்க்கிற வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்குச் சரிப்படாது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறவராகத் தேடுங்கள். சம்மரி ட்ரையல் நிலையில்கூட வெளியே இருந்து ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்பதில் தப்பில்லை.

அவனுக்கு ஹிந்தி சுமார், இங்கிலீஷும் சுமார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம்.

புரியாததில் கையெழுத்துப் போடக் கூடாது. அதை மரியாதையாகச் சொல்லலாம்: "சார், எனக்கு முழுசாகப் புரியவில்லை, தமிழ் தெரிந்த ஒருவர் விளக்கிச் சொன்னால் போடுகிறேன்." எந்தக் கப்பலிலும் ஒரு தமிழ்ப் பையன் கிடைக்காமல் போகமாட்டான். கோர்ட் மார்ஷலில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

அதே நேரம், பொய்யும் எழுதித் தரக் கூடாது. நான் பார்த்த வரையில் முதல் தப்பைவிட அதை மறைக்கச் சொன்ன பொய்க்குத்தான் பெரிய விலை கொடுத்தார்கள். இரவில் குடித்துவிட்டு வந்ததற்குச் சில வார லீவ் நிறுத்தத்தோடு போயிருக்க வேண்டிய பையன், கேட் ரெஜிஸ்டரில் வேறு பெயர் எழுதியதால் ரேங்க்கை இழந்தான்.

தண்டனை அநியாயம் என்று நினைக்கிறோம். எங்கே போவது?

முதலில் படைக்குள்ளேயே. மேலதிகாரியால் அநீதி, கொடுமை என்றால் கடற்படைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு புகார் செய்யும் உரிமையைக் கொடுக்கிறது. கோர்ட் மார்ஷல் தீர்ப்பு என்றால் கடற்படைத் தலைமைத் தளபதிக்கோ மத்திய அரசுக்கோ மனு. புகார் கொடுக்க வேண்டியது பையன். உங்கள் கையெழுத்தில் போகிற புகார் வெறும் காகிதமாகத்தான் போய்ச் சேரும்.

அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவாகி 2009 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. சென்னையில் ஓர் அமர்வு உண்டு. வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டால் குடியிருக்கும் இடத்தை வைத்துச் சென்னையிலேயே மனு போடலாம். எல்லாத் தண்டனைக்கும் அங்கே கதவு திறக்காது. சம்மரி ட்ரையலில் டிஸ்மிஸ் என்றால் போகலாம்; லீவ் கொடுக்கவில்லை, இடமாற்றம் செய்துவிட்டார்கள் என்பதற்கெல்லாம் போக முடியாது.

காலக்கெடு முக்கியம். உள் மனுவில் இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். உள் மனுவுக்கு ஆறு மாதமாகப் பதிலே இல்லை என்றாலும் போகலாம், ஆனால் அதற்குப் பிறகும் ஆறு மாதம்தான். "கோயில் கொடை முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டு வந்தவர்கள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட் மார்ஷல் மேல்முறையீட்டுக்குக் கெடு தனி, வக்கீலிடம் தீர்ப்பு வந்த வாரமே கேளுங்கள்.

டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ் இரண்டும் ஒன்றா?

இல்லை. டிஸ்மிஸ் தண்டனை. "சேவை இனித் தேவையில்லை" என்று அனுப்பும் டிஸ்சார்ஜ் நிர்வாக முடிவு. அடிக்கடி தண்டனை வாங்கிய பையன்களுக்கு முன்னெச்சரிக்கை கொடுத்த பிறகு வருவது. செய்லருக்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷ சேவை வேண்டும். டிஸ்மிஸ் ஆனால் அந்தப் பென்ஷனே கைவிட்டுப் போகலாம். பதினாலு வருஷம் முடித்தவன் கோபத்தில், "எழுதிக் கொடுத்துட்டு வர்றேன்" என்று போன் செய்தால் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

எந்த வகையில் வெளியே வந்தாலும் சர்வீஸ் ஆவணங்களில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வேலைக்கு அந்த வரியைத்தான் கேட்பார்கள்.

அவன் அக்னிவீர். அவனுக்கும் இதே சட்டமா?

இதே சட்டம்தான், அக்னிவீர்களும் 1957 சட்டத்தின் கீழ்தான் சேர்க்கப்படுகிறார்கள். நான்கு வருஷ முடிவில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. அந்தப் போட்டியில் ஒரு சின்னத் தண்டனையும் கணக்கில் வரும். அதனால் அக்னிவீர் பையன்கள் சின்ன விஷயத்துக்கும் நடுங்கிப்போகிறார்கள். அந்த நடுக்கத்தில் மறைப்பதும் ஓடுவதும் நடக்கிறது. "நிரந்தரம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, நான்கு வருஷத்தைச் சுத்தமாக முடி" என்று வீட்டில் ஒருவராவது சொல்ல வேண்டும்.

போனில் எவ்வளவு பேசலாம்? ஃபேஸ்புக்கில் நியாயம் கேட்கலாமா?

கப்பல் எங்கே இருக்கிறது, எப்போது கிளம்பும், யார் எங்கே போஸ்டிங் என்பதைப் பேசவே கூடாது. 2019 டிசம்பரில் ஃபேஸ்புக் வழியாக உளவுக்காரர்கள் விரித்த வலையில் சிக்கியதாகக் கடற்படையினர் ஏழு பேர் கைதானார்கள். அதே மாதம் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. அதனால் இரண்டு நாள் போன் வரவில்லை என்றால் உடனே பயப்படாதீர்கள். பையனின் பெயர், கப்பல் பெயர், அதிகாரி பெயர் போட்டு நீங்கள் எழுதும் ஃபேஸ்புக் பதிவு அவனுக்கு இன்னொரு விசாரணையைக் கொண்டுவரும்.

"இரண்டு லட்சம் கொடுங்கள், கேஸை முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் பேசினார்.

மோசடி. எண்ணைக் குறித்துக்கொண்டு பையன் மூலம் டி.ஓ.விடம் சொல்லுங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் புகார் செய்யுங்கள்.

சரியாகப் பேசுவதில்லை, "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறான்.

காத்திருக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அனுமதி, முறை எதையும் பார்க்காமல் கப்பலுக்கோ முகாமுக்கோ நேரடியாகப் போன் செய்து, "என் மகன் உயிரை விடுவது போலப் பேசுகிறான், இப்போதே யாராவது அவன் கூட இருங்கள்" என்று சொல்லுங்கள். அவனை டாக்டரிடம் கொண்டுபோவார்கள். கொச்சியில் சஞ்சீவனி, விசாகப்பட்டினத்தில் கல்யாணி, மும்பையில் அஸ்வினி என்று கடற்படை ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசும். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

இதைச் சொன்னால் அவன் வேலைக்குப் பாதகம் வருமோ என்று யோசித்து ஒரு இரவைத் தள்ள வேண்டாம். அவனிடம், "உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபப்பட்டால் படு" என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பெண் வேறு பேசி வைத்திருக்கிறோம். என்ன சொல்வது?

சொந்தக்காரர்களுக்கு, "கப்பலில் இருக்கிறான், லீவ் தள்ளிப்போயிருக்கிறது" போதும். அது பொய்யும் இல்லை. டிஃபன் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

பெண் வீட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. லீவ் நிறுத்தம் மாதிரி சின்ன விஷயம் என்றால் பையனே அந்தப் பெண்ணிடம் சொல்லட்டும். கோர்ட் மார்ஷல் அல்லது டிஸ்மிஸ் வரை போகிற விஷயம் என்றால், நிச்சயத்துக்கு முன்னால் நீங்கள் போய்ப் பெண்ணின் அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள். நான் ஒரு முறை அப்படிக் கூடப் போயிருக்கிறேன். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "பையன் இப்போ எங்கே இருக்கான், கப்பலிலேயா?" என்று கேட்டார். "ஆமாம், அங்கேயேதான் இருக்கான்" என்றோம். "அப்ப பார்க்கலாம்" என்று உள்ளே திரும்பி, காபி கொண்டுவரச் சொன்னார்.